நான் எழுதிய இரண்டு வார்த்தை

போன வருஷம் ஆடி மாசம். சாயங்கால நேரம், கிளினிக்கில் கூட்டம் கொஞ்சம் குறைந்திருந்தது. செக்யூரிட்டி யூனிஃபாரத்தில் ஒருவர் வலது காலை இழுத்து இழுத்து வைத்தபடி உள்ளே வந்தார். நாற்பத்தைந்து வயசுக்கு மேல் இராது. பின்னாலேயே அவர் மனைவி, கையில் ஒரு மஞ்சள் பை.

"டாக்டர், என்னை ஞாபகம் இருக்குங்களா? 2009-ல லீவுல வந்தப்போ முட்டி வலிக்கு உங்ககிட்டதான் வந்தேன். எங்கம்மாதான் கூட்டினு வந்தாங்க."

ஞாபகம் இல்லை. அதை அப்படியே சொன்னேன். ஸ்ரீபெரும்புதூரில் நான் சித்த வைத்தியம் பார்க்க ஆரம்பித்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாளையங்கோட்டை கல்லூரியில் படித்துவிட்டு இங்கே வந்தபோது இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஒரகடம் பக்கம் ஏரியும் வயலும் சவுக்குத் தோப்பும்தான். இன்றைக்கு ஷிஃப்ட் பஸ்கள் வரிசை கட்டி நிற்கின்றன. முட்டி வலி, இடுப்பு வலி என்று வருகிறவர்களில் எத்தனை பேரை ஞாபகம் வைப்பது?

அந்த அம்மா பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் காகிதத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். என் சீட்டு. என் கையெழுத்து. இங்கிலீஷில் நான்கு வரி. வலது முழங்கால் வீக்கம், வலி என்று எழுதி, பக்கத்திலேயே 'சின்ஸ் சைல்ட்ஹுட்' என்று போட்டிருக்கிறேன். அதாவது, சின்ன வயசு முதலே!

"இந்த ரெண்டு வார்த்தையாலதான் டாக்டர் எங்க பென்ஷன் நின்னு போச்சு" என்றார் அந்த அம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

கதை இதுதான். அவர் 1998-ல் ராணுவத்தில் சேர்ந்தவர். சேரும்போது 1.6 கிலோமீட்டர் ஓட்டம் ஓடி, டாக்டர்கள் தலை முதல் கால் வரை பார்த்து 'ஃபிட்' என்று எழுதித்தான் எடுத்தார்கள். 2008 குளிர்காலத்தில் லடாக் பக்கம் ஒரு மலை முகாமில் மண்ணெண்ணெய் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கும்போது பனியில் சறுக்கி விழுந்திருக்கிறார். முழங்கால் திருகிக்கொண்டது. எம்.ஐ. ரூமில் மாத்திரை கொடுத்து, கட்டுப் போட்டு, லைட் டூட்டி கொடுத்தார்கள். ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் இருந்தார். அத்தோடு சரி. இன்ஜுரி ரிப்போர்ட் என்கிற காய அறிக்கை போடவில்லை. அவரும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் லீவில் ஊருக்கு வந்தபோது முட்டி வீங்கிவிட்டது. தாயார் என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார். நான் வழக்கம்போல் "எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டிருப்பேன். பையன் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டிருப்பார், "சின்னப் புள்ளையிலேயே ராத்திரியில கால் குடையுதும்பான் டாக்டர், விளக்கெண்ணெய் தேச்சி விடுவேன்" என்று. எந்த வீட்டில்தான் பிள்ளைகள் அப்படிச் சொல்லவில்லை? வளர்கிற வயசில் ஓடியாடின களைப்பில் வருவது அது. மறுநாள் காலையில் எழுந்து கில்லி விளையாடப் போய்விடும்! ஆனால் நான் அதைக் கேட்டு சீட்டில் ஏற்றிவிட்டேன்.

அவர் அந்தச் சீட்டைப் பத்திரமாக யூனிட்டுக்கு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டியிருக்கிறார். அவர் அதைப் பார்த்துத் தன் குறிப்பில் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு எழுதிய ஒவ்வொருவரும் முன்னால் இருந்ததைப் பார்த்து எழுதினார்கள். 2022-ல் ஹவில்தாராக ஓய்வு பெறும் சமயம் ரிலீஸ் மெடிக்கல் போர்டு உட்கார்ந்தது. முழங்கால் தேய்மானம், ஊனம் 30 சதவிகிதம், ஆயுள் முழுக்க என்று எழுதினார்கள். ஆனால் காரணம் என்ற கட்டத்தில், ராணுவ சேவையால் வந்ததும் அல்ல, சேவையால் அதிகரித்ததும் அல்ல, சேர்வதற்கு முன்பே இருந்தது என்று முடித்துவிட்டார்கள்.

சித்த வைத்தியத்தில் நாங்கள் எண்வகைத் தேர்வு என்று பெருமையாகச் சொல்வோம். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். எட்டையும் பார்க்கத் தெரிந்த நான், எதிரே உட்கார்ந்திருந்த சிப்பாயைப் பார்த்து "தம்பி, எங்கேயாவது விழுந்தியா?" என்று ஒரு வார்த்தை கேட்டு எழுதவில்லை!

இந்த 30 சதவிகிதம் பணமாக எவ்வளவு என்று வாசகர்களுக்குத் தெரிய வேண்டும். ஊனத்துக்கென்று கொடுக்கும் பகுதி, 100 சதவிகித ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவிகிதம். சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு ஊனத்துக்கு 12,000. 30 சதவிகித ஊனத்துக்கு 3,600. இதிலும் ஒரு சலுகை உண்டு. 50-க்குக் குறைவான ஊனத்தை 50 ஆகவும், 50-லிருந்து 75 வரை உள்ளதை 75 ஆகவும், அதற்கு மேலே 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடுவார்கள். முழு சர்வீஸ் முடித்து வந்தவர்களுக்கும் இது பொருந்தும் என்று ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படிப் பார்த்தால் மாதம் 6,000, அதன் மேல் அகவிலைப்படி. வழக்கமான பென்ஷன் வேறு. இது அதற்கு மேலே. 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்கு மட்டும் புது விதிகள் இருக்கின்றன. அவர்கள் இந்தக் கணக்கை அப்படியே தங்களுக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது.

இவர் அதற்கு முன்பே வந்தவர். இன்றைக்கு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை கேட்டில் 12 மணி நேரம் நிற்கிறார். லாரி வந்தால் குனிந்து அடியில் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். நான் நொச்சி இலை ஒற்றடம் சொல்லலாம், உளுந்துத் தைலம் கொடுக்கலாம், அழல் கீல்வாயுவுக்கு உள்மருந்தும் கொடுக்கலாம். 12 மணி நேரம் நிற்கிற காலுக்கு எந்தத் தைலம் என்ன செய்துவிடும்? அந்த ஆறாயிரம் வந்தால் நிற்கிற வேலையை விட்டு உட்கார்கிற வேலைக்குப் போவார். அதுதான் அவருக்கு மருந்து.

அந்த அம்மா மெதுவாகக் கேட்டார். "டாக்டர், அந்த ரெண்டு வார்த்தையை எடுத்துட்டு அதே தேதி போட்டு வேற சீட்டு எழுதித் தர முடியுங்களா?"

மாட்டேன் என்றேன். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. தப்பு செய்தது நான். திருத்தித் தருவதற்கு என்ன என்று படிக்கிற உங்களுக்கும் தோன்றும். ஆனால் பழைய தேதியில் புதுச் சீட்டு என்பது பொய். பழைய சீட்டு அவர் ஃபைலிலேயே இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர் சொல்கிற உண்மையும் சேர்ந்து பொய்யாகிவிடும். பனியில் விழுந்தது நிஜம். அந்த நிஜத்தை நான் கெடுக்கலாமா?

சரி, என் பழைய ஓ.பி. நோட்டைப் பார்க்கலாம் என்றால், 2015 டிசம்பர் வெள்ளத்தில் கிளினிக்கின் கீழ் அலமாரி முழுவதும் ஊறிப் போய்விட்டது. 2009 நோட்டு இல்லை. அதனால் இன்றைய தேதியிட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். இந்தச் சீட்டு நான் எழுதியது. அந்த இரண்டு வார்த்தை நோயாளியின் உறவினர் வாய்மொழியாகச் சொன்னதைக் குறிக்கும். சிறுவயதில் நான் இவரைப் பரிசோதித்ததில்லை. அப்போது நோய் இருந்தது என்பதற்கு எந்த ஆதாரமும் நான் பார்க்கவில்லை. அவ்வளவுதான். 'விழுந்ததாகச் சொன்னார், எனக்கு நினைவிருக்கிறது' என்று எழுதவில்லை. நினைவில்லையே!

அதோடு ஒன்று புரிந்துகொள்ளுங்கள். எங்கள் சித்த மருத்துவச் சான்றைக் காட்டி ராணுவ ஊனப் பென்ஷன் வாங்க முடியாது. ஊனம் எவ்வளவு, எதனால் என்பதைத் தீர்மானிப்பது ராணுவத்தின் மெடிக்கல் போர்டுதான். ஆனால் நாங்கள் கவனமில்லாமல் எழுதினது எதிராகப் போய் நிற்க மட்டும் அதற்குச் சக்தி உண்டு. இதை நான் ஐம்பது வயசுக்கு மேல்தான் கற்றுக்கொண்டேன்.

சிப்பாய்கள் மேலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ராணுவத்தில் உடல் தகுதியை 'ஷேப்' என்று ஐந்து எழுத்தாகப் பிரித்து எண் போடுவார்கள். மனநிலை, செவி, கை கால், உடல் திறன், பார்வை. எல்லாம் ஒன்று என்றால் 'ஷேப்-1'. அந்த ஒன்று இரண்டானால் பிரமோஷன் தள்ளிப்போகுமோ, நல்ல கோர்ஸ் கிடைக்காமல் போகுமோ, கூட இருக்கிறவன் 'ஓபி அடிக்கிறான்' என்று சொல்வானோ என்று பயம். அதனால் வலியை மறைக்கிறார்கள். பீரங்கிப் பக்கத்தில் நின்று காது மந்தமானவர் சொல்ல மாட்டார். கரடுமுரடான மலைப் பாதையில் வருஷக்கணக்கில் லாரி ஓட்டி இடுப்பு போனவர், நாங்கள் தண்டகவாதம் என்கிறோமே அதை, பத்து வருஷம் பெல்ட் கட்டிச் சமாளிப்பார். ஓய்வு பெற்று ஒரு வருஷம் கழித்து இங்கே வந்து உட்கார்ந்து, "சர்வீஸ்லேயே இருந்ததுங்க" என்பார். எங்கே காகிதம்? இல்லை. ஊனப் பென்ஷன் ஓய்வு பெறும் நாளில் கேட்கிற விஷயம் என்று நினைக்கிறார்கள். அது விழுந்த அன்றைக்கே எம்.ஐ. ரூம் நோட்டில் கேட்டு எழுத வைக்கிற விஷயம்.

சரி, இவரைப்போல் ஏற்கனவே மறுக்கப்பட்டவர்களுக்கு வழியே இல்லையா? இருக்கிறது.

தரம்வீர் சிங் என்ற ஒரு ராணுவ வீரரின் வழக்கு. 1985-ல் சிக்னல்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தவர். சுமார் ஒன்பது வருஷ சேவைக்குப் பின் 1994-ல் வலிப்பு நோய் என்று 20 சதவிகித ஊனத்துடன் வெளியே அனுப்பினார்கள். பென்ஷன் கேட்டபோது, இந்த நோய் சேவையால் வந்ததல்ல என்று பதில் வந்தது. பல வருஷம் போராடி உச்ச நீதிமன்றம் வரை வந்தார். 2013 ஜூலையில் தீர்ப்பு. சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு எதுவும் எழுதப்படவில்லை என்றால், அந்த மனிதர் நல்ல உடம்போடுதான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். பிற்பாடு கெட்டது என்றால் அது சேவையால் என்று கொள்ள வேண்டும். இல்லை என்று சொல்கிறவர்கள்தான் அதை நிரூபிக்க வேண்டும். மெடிக்கல் போர்டு காரணம் எழுதாமல் வெறுமனே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. இதுதான் சாரம். சந்தேகத்தின் பலன் வீரருக்குத்தான். எங்கள் ஹவில்தார் 1998-ல் 'ஃபிட்' என்று எழுதப்பட்டவர். அப்படியானால் என்னுடைய அந்த இரண்டு வார்த்தைக்கு முன்னால் அந்தச் சேர்ப்புப் பரிசோதனைக் காகிதம் நிற்க வேண்டும் இல்லையா? அவர் வக்கீலும் அதைத்தான் சொல்கிறார்.

ஆனால் தீர்ப்பு இருக்கிறது என்பதற்காகக் காகிதம் வேண்டாம் என்று ஆகிவிடாது. ரிலீஸ் மெடிக்கல் போர்டின் நடவடிக்கைகளுக்கு ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16 என்று ஒரு படிவம். அதன் ஆரம்பத்திலேயே நம் ஆள் தன் வாயால் சொல்கிற பகுதி இருக்கிறது. எங்கெங்கே வேலை பார்த்தார், நோய் எப்போது எங்கே தொடங்கியது, சேர்வதற்கு முன் இருந்ததா என்றெல்லாம் கேட்பார்கள். வீட்டுக்குப் போகிற சந்தோஷத்தில் அதை அவசரமாக நிரப்பிவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்கள் எத்தனையோ பேர். நான் கேட்டவர்களில் ஒருவர்கூட அதன் நகலை உடனே வாங்கி வைத்ததாகச் சொல்லவில்லை. வீட்டில் யாராவது அடுத்த வருஷம் ஓய்வு பெறப் போகிறார் என்றால், போனில் பேசும்போது சாப்பாடு, சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்.

காகிதங்கள் தொலைந்திருந்தால் அவரவர் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதிக் கேட்கலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு அது குன்னூர் பக்கத்து வெலிங்டனில் இருக்கிறது. 2005 தகவல் உரிமைச் சட்டத்திலும் தன்னுடைய மருத்துவக் குறிப்புகளைத் தானே கேட்டு வாங்கலாம். ஆஸ்பத்திரிப் பதிவேடுகளை ஆயுளுக்கும் வைத்திருக்க மாட்டார்கள். வருஷம் ஆக ஆகக் கிடைப்பது அரிது. மறுப்புக் கடிதம் கைக்கு வந்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு போட வேண்டும். இவர் அதைத் தவறவிட்டார். வந்த கடிதம் இங்கிலீஷில் இருந்தது, கேட் டூட்டி, தங்கை கல்யாணம் என்று நாள் ஓடிவிட்டது. தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்னிக்கக் கேட்கலாம். அதற்கும் மேலே 2007 சட்டப்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. நமக்கு சென்னையிலேயே கிளை உண்டு. ஆனால் தாமதத்துக்கு ஒரு விலை கொடுக்க வேண்டும். பென்ஷன் பாக்கியைப் பொதுவாக வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்குத்தான் கொடுப்பார்கள். 2008-லேயே தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படி வரம்பு கட்டியது. தூங்கிய வருஷங்கள் போனதுதான்.

எங்கே போய்த் தொடங்குவது என்று தெரியாதவர்கள் முதலில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போகலாம். இந்தப் பகுதிக்குக் காஞ்சிபுரத்தில் இருக்கிறது. "வர்றதுல இத்தனை பர்சென்ட் எனக்கு" என்று டீக்கடையில் பேசுகிற ஆசாமிகளிடம் ஒரிஜினல் காகிதத்தைக் கொடுக்காதீர்கள். இவரிடமும் ஒருவர் அப்படி வந்து, "இன்னும் நாலு வியாதி சேர்த்துக்கலாம், நெஞ்சு வலின்னு சொல்லுங்க" என்று யோசனை சொல்லியிருக்கிறார்! இல்லாத நெஞ்சு வலியைச் சேர்த்தால் இருக்கிற முட்டி வலியையும் யார் நம்புவார்கள்?

இதை ராணுவக் குடும்பத்து விஷயம் என்று மற்றவர்கள் தள்ளிவிட வேண்டாம். எங்கள் பக்கம் ஒரே வீட்டில் பெரியவன் பட்டாளத்திலும் சின்னவன் பிரஸ் ஷாப்பிலும் இருப்பான். சின்னவன் வேலை நேரத்தில் விரல் நசுங்கினால் அன்றைக்கே விபத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும், அப்போதுதான் இ.எஸ்.ஐ.யில் ஊனத்துக்கு உரியது நிற்கும். "சூப்பர்வைசர் நல்லவரு, வெளியில பார்த்துக்கலாம்னார்" என்று நேராக என்னிடம் பற்றுப் போட வருகிறவர்களை இப்போது நான் முதலில் பதிவு செய்துவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வேறு வைத்தியரிடம் போய்விட்டார்கள். போகட்டும்.

நானும் பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். 'யார் சொன்னது' என்று சீட்டில் தனியாக எழுதுகிறேன். அடிபட்ட தேதி, இடம், என்ன செய்துகொண்டிருந்தபோது என்று நோயாளியின் வாயால் கேட்டு அவர் சொன்னபடியே எழுதி, படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. நகலை மேல் அலமாரியில் வைக்கிறேன். கூட்டம் உள்ள நாளில் உதவிக்கு இருக்கும் பெண் முகத்தைச் சுளிக்கிறாள். ஒருவருக்குப் பத்து நிமிஷம் கூடுதலாக ஆகிறதாம். நீங்களும் எந்த டாக்டரிடம் போனாலும் சீட்டை மடித்துப் பையில் போடுவதற்கு முன் ஒரு தடவை படியுங்கள். புரியவில்லை என்றால், "டாக்டர், இது என்ன எழுதியிருக்கீங்க?" என்று கேளுங்கள். கேட்டால் கோபிக்கிற டாக்டர் கோபித்துக்கொள்ளட்டும்.

தை பிறந்த பிறகு ஒரு நாள் அந்தக் குடும்பமே வந்தது. இந்தத் தடவை தாயாரும் கூட. எழுபதைத் தாண்டிவிட்டார். உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்துவிட்டார். "நான் வாயை வெச்சுக்கினு சும்மா இருந்திருக்கணும் டாக்டர்... புள்ள கால்ல நானே மண்ணைப் போட்டேனே" என்று. "அம்மா, சொன்னது நீங்கள், எழுதினது நான்" என்றேன். மருமகள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மருமகள் பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தார். மாமியாரின் டிரங்குப் பெட்டியில், பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவில் இருந்ததாம். 2008-ல் ஒரு ராத்திரி இருந்தாரே, அந்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டு. ஓரம் கறுத்து, மடிப்பில் கிழிந்து, தேதி பாதி அழிந்திருக்கிறது. மாசமும் வருஷமும் தெரிகிறது. பனிக்கட்டியில் சறுக்கி விழுந்து வலது முழங்காலில் அடி என்று இங்கிலீஷில் ஒரு வரியும் தெரிகிறது. மகன் லீவில் வந்தபோது பையைக் காலி செய்து போட்ட காகிதங்களை, எதற்கும் இருக்கட்டும் என்று அந்த எழுதப் படிக்கத் தெரியாத தாயார்தான் எடுத்து வைத்திருக்கிறார்.

அதை வைத்து அந்த ஆஸ்பத்திரியின் சேர்க்கைப் பதிவேட்டு நகலைக் கேட்டு தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. ஸ்பீட் போஸ்ட் ரசீதை மூன்று ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை என்னிடமும் கொடுத்துவிட்டுப் போனார் மருமகள். மேஜைக் கண்ணாடிக்கு அடியில், என் பழைய சீட்டின் நகலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.